தூக்கிப் பார்ப்பவர்

எதைக் கொடுத்தாலும் முதலில் தூக்கிப் பார்ப்பார். பிறகுதான் வாங்கிக்கொள்வார். பிஸ்கட் டப்பா, தபாலில் வந்த உறை, தீபாவளிக்கு அலுவலகத்தில் கொடுக்கும் இனிப்புப் பெட்டி, எதுவானாலும் உள்ளங்கையில் வைத்து இரண்டு முறை மேலும் கீழும் லேசாக அசைப்பார். கண் அப்போது எங்கோ சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். "ம், இருக்கு" என்றால் சரி. கனம் குறைவாகத் தெரிந்தால் முகம் மாறிவிடும். "கோசோங் லா" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

கோசோங் என்றால் மலாய் மொழியில் காலி; லா சிங்கப்பூர்ப் பேச்சில் சும்மா ஒட்டிக்கொள்ளும் அசை. சிங்கப்பூரில் எல்லா மொழிக்காரர்களும் பூஜ்யத்தை, வெறும் பாத்திரத்தை, பாலும் சீனியும் இல்லாத காப்பியை அந்த ஒரே சொல்லால் சொல்லிவிடுவார்கள். அவர் குடிப்பதும் அந்தக் காப்பிதான். கோப்பையை மட்டும் தூக்கிப் பார்த்து நான் கண்டதில்லை. ஆவி பறந்தால் போதும் போலிருக்கிறது.

பிடோக் பக்கம் ஒரு தொழிற்பேட்டைக் கட்டடத்தின் நாலாம் மாடியில் எங்கள் அலுவலகம். எல்லோரையும் சேர்த்தால் எட்டுப் பேர். நான் போனில் ஓடும் செயலிகளை எழுதுபவன், ஊரிலிருந்து வேலைக்கென்று வந்தவன். நான் எழுதியதைச் சோதித்து, பிழை இருந்தால் பட்டியலில் ஏற்றுவது அவர் வேலை. ஐம்பதை நெருங்கும் வயது. புக்கிட் மேராவில் பிறந்து அங்கேயே இருப்பவர். ஏசி குளிருக்கு ஒரு சாம்பல் நிற ஸ்வெட்டர், மூலையில் விரிசல் விட்ட பழைய போன், அந்தப் போன் நிறைய மகனின் ராணுவ சேவை அணிவகுப்பு வீடியோக்கள். எல்லோரும் அக்கா என்று கூப்பிடுவோம். அவர் இல்லாத நேரத்தில் நான் "ஃபேக்டரி அக்கா" என்பேன். கல்லூரியில் நாலு வருடம் கணினி படித்த திமிர் அது. வேறொன்றுமில்லை.

ஃபேக்டரி என்றது பொய்யில்லை. முன்பு ஒரு தொழிற்சாலையில் பதினாறு வருடம் பெட்டி பார்த்திருக்கிறார். மருத்துவமனைகளுக்குப் போகும் ஏதோ சின்னக் கருவி. ஒட்டிய பெட்டிகள் வரிசையாகப் பட்டையில் நகர்ந்து வரும்.

"பெட்டி வந்துச்சான்னு மெஷின் பாக்கும் தம்பி. லைட் அடிக்கும், பச்சை வரும், போயிட்டே இருக்கும். பெட்டிக்குள்ள சாமான் வந்துச்சான்னு நான்தான் பாக்கணும்."

"ஒவ்வொண்ணாவாக்கா?"

"பின்ன? கைதானே தராசு."

அப்படியும் ஒரு நாள் ஒன்று தப்பிவிட்டதாம். அவர் பக்கத்து வரிசைக்காரியோடு பேசிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு காலிப் பெட்டி போய்விட்டது. யாரோ ஒரு டாக்டர் அவசரத்தில் அதைக் கிழித்துப் பார்த்து, உள்ளே ஒன்றுமில்லாமல் நின்றிருக்கிறார். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. வேறு பெட்டி எடுத்துவிட்டார்கள். ஆனால் இந்தம்மா அந்த டாக்டரின் கையை இன்னும் நினைத்துக்கொண்டிருப்பார். "பிரிச்சிட்டு எப்படி முழிச்சிருப்பாரு, சொல்லுங்க" என்பார். தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போனதும் அரசாங்கப் பயிற்சி வகுப்பில் சேர்ந்து, செயலிகளைச் சோதிக்கக் கற்றுக்கொண்டு எங்களிடம் வந்தார். வேலை மாறியதே தவிர கை மாறவில்லை.

சம்பளம் வந்த வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் மூன்று நான்கு பேர் எம்ஆர்டி ரயில் பிடித்து லிட்டில் இந்தியா போவோம். தேக்கா உணவங்காடியில் அவர் வீட்டுக்குச் சாப்பாடு பொட்டலம் கட்டச் சொல்வார். கடைக்காரர் ரப்பர் பேண்டை விரலில் மாட்டியதும் இவர் கையை நீட்டித் தடுப்பார்.

"அண்ணே, கட்டாதீங்க. திறந்து காட்டுங்க. பொரியல் இருக்கா?"

"எல்லாம் வச்சாச்சும்மா."

"வச்சீங்கன்னு தெரியும்ண்ணே. இருக்கான்னுதான் கேக்குறேன்."

பின்னால் வரிசை முணுமுணுக்கும். பத்தில் ஒன்பது முறை எல்லாம் ஒழுங்காக இருக்கும். அதற்காக அவர் அசடு வழிந்ததில்லை. "தேங்க்ஸ்ண்ணே" என்று வாங்கிக்கொண்டு வருவார். நான் இரண்டு கடை தள்ளி நின்று, அவரோடு வராதவன் மாதிரி கரும்புச்சாறு விலைப்பலகையைப் படித்துக்கொண்டிருப்பேன். அவரால் எனக்கு வெட்கம் என்று அன்றைக்கு நினைத்தேன். வெட்கம் என்றால் என்னவென்று அப்போது எனக்குத் தெரியாது.

பிழைப் பட்டியலிலும் அதே கதைதான். நாங்களெல்லாம் நீட்டி முழக்கி ஆங்கிலத்தில் எழுதும் இடத்தில் அவர் தலைப்பாக KOSONG என்று ஒற்றைச் சொல்லைப் பெரிய எழுத்தில் போடுவார். கீழே ஒரு வீடியோ இணைப்பார். பெயர் கேட்கும் இடத்தில் வெறும் இடைவெளியை அடித்தாலும் செயலி ஏற்றுக்கொள்கிறது: கோசோங். பட்டியலைத் திறந்தால் தலைப்பு இருக்கிறது, கீழே வரிசை இல்லை: கோசோங். நாங்கள் சிரிப்போம். சிரித்துவிட்டுத் திருத்துவோம், ஏனென்றால் ஒவ்வொரு முறையும் அவர் சொன்னது சரியாக இருக்கும்.

இனி நான் செய்ததைச் சொல்லவேண்டும். இதுவரை சுற்றி வளைத்ததே இதைத் தள்ளிப்போடத்தான்.

முதியவர்களின் வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்ளும் பணிப்பெண்களை அனுப்பும் ஒரு நிறுவனம் எங்களிடம் செயலி கேட்டது. பணிப்பெண் புண்ணுக்குக் கட்டு மாற்றும்போது போனில் படம் எடுப்பார். படம் அந்த நிறுவனத்தின் அலுவலகத்திலிருக்கும் தாதிக்கு, அதாவது நர்ஸுக்குப் போகும். போய்விட்டால் பச்சைக் குறி வரும். தாதி பார்த்து, புண் ஆறுகிறதா, டாக்டரிடம் போகவேண்டுமா என்று சொல்வார். அவ்வளவுதான் செயலி.

போனின் நிரலில் ஒரு படம் என்பது ஒரு பெட்டி மாதிரி. அந்தப் பெட்டி இருக்கிறதா என்று ஒரு வரியில் கேட்கலாம். இல்லையென்றால் நில், இருந்தால் அனுப்பு. நானும் அப்படித்தான் எழுதியிருந்தேன். ஆனால் படத்தை அனுப்பும் முன் சுருக்கவேண்டும். நினைவகம் நிறைந்த பழைய போன்களில் அந்த இடத்தில் சுருக்க முடியாமல் போய், கையில் படமே இல்லாமல் செயலி அப்படியே விழுந்து மூடிக்கொள்ளும். வாடிக்கையாளருக்குக் காட்டும் நாள் நெருங்கியது. விழுவதை எப்படியாவது நிறுத்தவேண்டும். நான் ஒரு குறுக்குவழி செய்தேன். சுருக்க முடியாவிட்டால், ஒன்றுமில்லை என்று சொல்வதற்குப் பதில், புதிதாக ஒரு படப் பெட்டியைச் செய்து கொடுத்துவிடு என்று எழுதினேன். அகலம் பூஜ்யம், உயரம் பூஜ்யம், உள்ளே ஒரு புள்ளிகூடக் கிடையாது. ஆனால் பெட்டி இருக்கிறது. என் ஒற்றை வரிக் கேள்விக்கு அது போதும். செயலி விழுவது நின்றது. என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் தன் விரிசல் போனோடு என் மேசைக்கு வந்தார். திங்கட்கிழமை செயலி வெளியே போகவேண்டும். அவர் கையெழுத்துப் போட்டால்தான் போகும்.

"தம்பி, முன்னாடி ஆப் விழுந்துச்சு. இப்ப விழல. ஆனா போட்டோ எங்க போச்சு?"

"போயிருச்சுக்கா. பச்சை டிக் வந்துச்சுல்ல?"

"டிக் வந்துச்சு. அந்தப் பக்கம் நர்ஸ் ஸ்கிரீன்ல வெள்ளையா ஒரு கட்டம்தான் நிக்குது. கோசோங்."

"உங்க போன் பழசுக்கா. மெமரி ஃபுல்லு. என் போன்ல இப்படி வரல."

"வீடு வீடா போற அந்த அக்காமாருங்க கையில மட்டும் புது போனா இருக்கும்?"

சரியான கேள்வி என்று அப்போதே தெரிந்தது. தெரிந்தும், பேச்சை வேறு பக்கம் திருப்பினேன். என் வேலை அனுமதிப் பாஸை அந்த மாதம் புதுப்பிக்கவேண்டியிருந்தது. ஊரிலிருந்து மனைவி வர டிக்கெட் எடுத்தாகிவிட்டது. அதையெல்லாம் அவரிடம் கொட்டினேன்.

"திங்கட்கிழமை இது போகலன்னா மேனேஜர் என் பாஸ் விஷயத்துல யோசிப்பாருக்கா. அவ வேற மாசமா இருக்கா, வர்றா."

"எத்தனை மாசம்?"

"அஞ்சு."

அவர் ஸ்வெட்டரின் கையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"ஆப் வெளிய போனதும் முதல் வேலை இதானா?"

"சத்தியமாக்கா. திங்கட்கிழமை காலையில இதைத்தான் தொடுவேன்."

கையெழுத்துப் போட்டுவிட்டார். சோற்றுப் பொட்டலத்தைத் திறந்து காட்டச் சொன்னவர், என் வார்த்தையை மட்டும் தூக்கிப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார். அவர் போனதும் நான் பட்டியலைத் திறந்தேன். KOSONG என்று அவர் ஏற்றியிருந்த பிழை. கீழே வீடியோ. "மறுபடி நேரவில்லை" என்று அடித்து மூடினேன். வீடியோ இணைத்திருக்கிறார் என்று பார்த்தேனே தவிர, அதைத் திறந்து பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலை நான் அதைத் தொடவில்லை. வாடிக்கையாளருக்குத் தங்கள் சின்னம் இடப்பக்கம் இருப்பது பிடிக்கவில்லையாம். அந்த வாரம் முழுக்க அதை வலப்பக்கம் நகர்த்திக்கொண்டிருந்தேன். அக்கா இரண்டு முறை கேட்டார். "தம்பி, அது?" "இந்த வாரம்க்கா." பிறகு என் அனுமதி புதுப்பித்து வந்தது, மனைவி வந்தாள், செம்பவாங்கில் வாடகைக்கு வீடு கிடைத்தது. எனக்கு அது சுத்தமாக மறந்தே போய்விட்டது. மறந்ததைத்தான் என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை. பயந்து மறைத்திருந்தாலாவது ஒரு கணக்கில் சேரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் புக்கிட் மேராவிலிருந்து இரண்டு ரயில் மாறி எங்கள் வீட்டுக்கு வந்தார். நாலடுக்கு டிபன் கேரியர். வாசலிலேயே அதை என் கையில் கொடுத்து, "தூக்கிப் பாருங்க" என்று சிரித்தார். தோள் இறங்கும் கனம். எலுமிச்சை சாதம், புளிச்சாதம், தயிர்ச்சாதம், அடியில் கோழி. மனைவி வயிறு நிறைய சாப்பிட்டாள். இத்தனை நல்லவரையா ஃபேக்டரி அக்கா என்று கேலி பேசுவீர்கள் என்று அன்று இரவு என்னைத் திட்டினாள்.

ஆறாவது வாரத்தில் செய்தி வந்தது. பிடோக்கில் தனியாக இருந்த ஒரு சீனப் பெரியவர், நீரிழிவுக்காரர், காலில் புண். பணிப்பெண் நாள் தவறாமல் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். நாள் தவறாமல் பச்சைக் குறி வந்திருக்கிறது. தாதியின் திரையில் நாலு நாளாக வெள்ளைக் கட்டம். இணையம் மெதுவாக இருக்கிறது, வந்துவிடும் என்று அவர் விட்டுவிட்டார். நாலாம் நாள் பெரியவருக்குக் காய்ச்சல் ஏறி, ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். இரண்டு வாரம் மருத்துவமனையில் கிடந்தார். காலை எடுக்கவேண்டி வரவில்லை. அதைக் கேட்டதும் எனக்கு ஏற்பட்ட நிம்மதி அவருக்காக இல்லை, எனக்காக.

மேனேஜர் எங்களைக் கூட்டினார். கெட்ட மனிதர் அல்ல. வாடிக்கையாளரிடம் பதில் சொல்லவேண்டியவர். மேசைமேல் அந்தக் கையெழுத்துத் தாளை வைத்து, இதை யார் பாஸ் செய்தது என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அக்கா என்னைப் பார்த்தார். காட்டிக்கொடுக்கும் பார்வை இல்லை. நான் பேசுவதற்காகக் காத்திருந்தார், அவ்வளவுதான். நான் மடிக்கணினியைப் பார்த்தேன். அதில் ஒன்றும் திறந்திருக்கவில்லை. பட்டியலைத் திறந்து, அவர் அன்றே எழுதிவிட்டார், மூடியது நான் என்று காட்ட அரை நிமிடம் போதும். வாய் திறக்கவில்லை.

"நான்தான் சைன் பண்ணேன்" என்றார் அவர், ஆங்கிலத்தில்.

பழைய போனில் சோதித்தீர்களா என்று மேனேஜர் கேட்டார். சோதித்தேன் என்றார். பிறகு ஏன் கையெழுத்துப் போட்டீர்கள் என்றார் மேனேஜர். அதற்குப் பதில் சொன்னால் என் பெயரைச் சொல்லவேண்டும். அக்கா பதில் சொல்லவில்லை.

அன்று சாயங்காலமே நான் பிழையைத் திருத்தினேன். இரண்டு வரி. படத்தின் அகலமோ உயரமோ பூஜ்யமா, உள்ளே படத்தின் புள்ளிகள் உண்டா என்று கேள். இல்லையென்றால் பச்சைக் குறி காட்டாதே, மறுபடி எடுக்கச் சொல். இவ்வளவுதான். வேகமாகச் சரிசெய்ததற்காக எனக்கு நன்றி சொல்லி மேனேஜர் எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பினார். எல்லோரிலும் அக்காவும் உண்டு. மாதக் கடைசியில் அவர் ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. கடைசி நாள் அனைவருக்கும் கறிபஃப் வாங்கி வந்தார். என் மேசைக்கு வந்து, "அந்த லைன் போட்டுட்டீங்கல்ல?" என்று மட்டும் கேட்டார். "போட்டுட்டேன்க்கா" என்றேன். "பழைய போன்ல பாத்தீங்களா?" "பாத்தேன்க்கா." தலையாட்டிவிட்டுத் தன் கோப்பையை எடுத்துக்கொண்டு போனார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் கறிபஃபைத் தின்றேன்.

இரண்டு வருடம் கழித்துதான் அவரை மறுபடி பார்த்தேன். எனக்கு நிரந்தரவாசம் கிடைத்து, வேறு நிறுவனத்துக்கும் மாறியிருந்தேன். மகளுக்குக் கொலுசு வாங்க லிட்டில் இந்தியா போயிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை, சாலையே தெரியாத கூட்டம். சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில், கட்டுமான வேலைக்காரத் தம்பிகள் ஊருக்குப் பெட்டி அனுப்பும் பார்சல் கடை ஒன்று உண்டு. சோப்பு, தைலம், சாக்லேட், போர்வை எல்லாம் அடைத்துக் கொண்டுவந்து வரிசையில் நிற்பார்கள். உள்ளே தராசுக்குப் பக்கத்தில் அதே சாம்பல் ஸ்வெட்டர். எந்திரத் தராசு எண்ணைக் காட்டிய பிறகும் ஒவ்வொரு பெட்டியையும் ஒரு விளிம்பில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் டேப் ஒட்டினார். "தம்பி, இந்தப் பக்கம் காலியா இருக்கு லா. கப்பல்ல நசுங்கிரும். ரெண்டு துண்டு வாங்கி அடைங்க." நான் மனைவியின் கையைப் பிடித்து அந்தச் சந்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

வீட்டுக்கு வந்து ஒரு கடிதம் எழுதினேன். தமிழில், கையால், மூன்று பக்கம். எல்லாத் தவறும் என்னுடையது, உங்களுக்கு நான் செய்தது துரோகம், தூக்கம் வரவில்லை என்றெல்லாம் எழுதினேன். பொய் ஒன்றும் இல்லை. இரண்டு ஞாயிறு அந்தச் சந்துவரை போய்த் திரும்பினேன். மூன்றாவது ஞாயிறு வரிசையில் நின்றேன்.

"தம்பி!" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. "எங்க இந்தப் பக்கம்? வொய்ஃப் நல்லாருக்காங்களா? என்ன குழந்தை?"

"பொண்ணுக்கா." உறையை நீட்டினேன். "இது உங்களுக்கு. படிங்க."

வாங்கி உள்ளங்கையில் வைத்து இரண்டு முறை அசைத்தார். கண் சுவரில் இருந்தது. மூன்று பக்கத்தின் கனம் அவருக்குத் தெரிந்திருக்கும். என்ன கடிதம் என்பதும் தெரிந்துவிட்டது. சிரிப்பு மெல்ல அடங்கியது. கிழிக்கவில்லை.

"மேனேஜர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்லக்கா."

"இன்னும் இல்லையா?"

"இல்லக்கா."

"அவரு இன்னமும் நான் ஒழுங்கா பாக்கலன்னுதானே நினைச்சிட்டிருப்பாரு?"

எனக்குப் பின்னால் பெரிய பெட்டியோடு நின்ற ஒருவர் காலை மாற்றி நின்றார். அக்கா உறையை என் சட்டைப் பையில் தானே செருகினார். கோபம் இல்லை. கனம் குறைந்த பெட்டியைத் திருப்பி அனுப்புவது போலத்தான்.

"அப்ப இது கோசோங் லா, தம்பி" என்றார். "குழந்தைய ஒரு நாள் கூட்டிட்டு வாங்க." பின்னால் நின்றவரின் பெட்டியை வாங்கக் கையை நீட்டினார்.

எட்டு மாதம் ஆகிறது. உறை என் அலமாரியில் இருக்கிறது. மேனேஜரின் எண்ணும் என் போனில் இருக்கிறது. அவருக்கு அனுப்பவேண்டியது நாலு வரி. அதை எழுதுவதற்குப் பதில் இத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன். இதில் எங்கும் அக்காவின் பெயரைப் போடவில்லை. அவருக்குச் சங்கடம் வேண்டாம் என்பதற்காகத்தான் என்று எழுதத் தொடங்கும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையில்லை. பெயர் இருந்தால், இதைப் படிக்க நேரும் மேனேஜருக்கு நான் யார் என்று தெரிந்துவிடும்.